டர்போ மாற்றியும் நிற்காத புகை: எங்கே தேட வேண்டும்?

சைலன்சரில் புகை வருகிறது என்று டர்போ காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் பேனட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: "டர்போ போயிடுச்சு சார்." பணம் புரட்டி டர்போவை மாற்றுகிறார்கள். சில வாரம் போகிறது. பிறகு ஒரு நாள் கிண்டி சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பும்போது, பின்னால் நின்ற பைக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு அதே புகை.

டர்போவில் ஆயில் கசிந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஆயிலை அங்கிருந்து வெளியே தள்ளிய காரணம் வேறெங்கோ இருந்தால், புதிதாக மாட்டிய டர்போவும் கசியத்தான் செய்யும். இதைப் புரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. டர்போவுக்குள் ஆயில் எப்படி வருகிறது, எப்படித் திரும்புகிறது என்று தெரிந்தால் போதும். பெரிய செலவுக்குத் தலையாட்டுவதற்கு முன் சரியான கேள்விகளைக் கேட்டுவிடலாம்.

ஆயில் வரும் வழியும் போகும் வழியும்

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவில் நிறைய ஆற்றல் வீணாகப் போகிறது. அதைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போவின் வேலை. காற்று கூடுதலாகப் போனால் எரிபொருளையும் கூடுதலாக எரிக்கலாம்; சின்ன இன்ஜினிலேயே நல்ல இழுவை கிடைக்கும். சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பலுக்கும் லாரிக்கும் டீசல் காருக்கும் என்று இருந்த டர்போ, இன்று ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் போன்ற சிறிய கார்களின் 1 லிட்டர் பெட்ரோல் இன்ஜினிலும் இருக்கிறது.

சூடான பக்கத்துச் சக்கரம் டர்பைன். காற்றை அழுத்தும் பக்கத்துச் சக்கரம் கம்ப்ரெசர். இரண்டையும் இணைக்கும் தண்டு சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. சிறிய கார் டர்போவில் அது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தொடும். பெட்ரோல் இன்ஜினில் டர்பைனுக்கு வரும் வாயுவின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பெரும்பாலான கார் டர்போக்களில் இந்தத் தண்டு உருளும் பேரிங்கில் உட்காருவதில்லை. மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதந்தபடி சுழல்கிறது. இன்ஜினின் ஆயில் பம்பிலிருந்து ஒரு சன்னமான குழாய் வழியாக அழுத்தத்தோடு வரும் ஆயில், பேரிங்கை நனைத்து, சூட்டை வாங்கிக்கொண்டு, அடியில் இருக்கும் அகலமான குழாய் வழியாக, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குத் திரும்புகிறது.

வரும் வழியில் பம்ப் தள்ளுகிறது. திரும்பும் வழியில் தள்ள எதுவும் இல்லை. ஆயில் தன் கனத்தால் தானாகக் கீழே இறங்கியாக வேண்டும். நிற்காத புகையில் பெரும்பகுதிக்கான விடை இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

"ஆயில் சீல் போயிடுச்சு" என்று சொல்லும்போது நம் மனதில் ஒரு ரப்பர் வளையம் வரும். டர்போ தண்டில் ரப்பர் கிடையாது. அந்தச் சூட்டில் ரப்பர் நிற்காது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் பிஸ்டன் ரிங் வகையைச் சேர்ந்த மெல்லிய உலோக வளையம்தான் இருக்கிறது. அது தனியாக ஆயிலை அடைத்து நிறுத்திவிடாது. இரு பக்கச் சக்கர அறைகளிலும் காற்றழுத்தம் கூடுதலாக இருக்கிறது, ஆயில் ஓடும் நடு அறையில் குறைவாக இருக்கிறது. அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து காற்று உள்நோக்கித் தள்ளுவதால் ஆயில் நடுவிலேயே நிற்கிறது. நடு அறை சதா காலியாகிக்கொண்டிருந்தால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும். வாஷ்பேசினில் குழாயைத் திறந்துவிட்டு அடியில் அடைப்பு விழுந்தால் தண்ணீர் விளிம்பு தாண்டி வழியும். பேசினை மாற்றி என்ன பயன்?

அப்படியானால் டர்போவின் வடிகாலை எது அடைக்கிறது? முதல் சந்தேகம் அந்தத் திரும்பும் குழாயின் மேல்தான். கருகிய ஆயில் உள்ளே கரியாகப் படிந்து துவாரத்தைச் சுருக்கலாம். ரப்பர் ஹோஸாக இருந்தால் உள்பக்கம் உப்பிப்போயிருக்கலாம், மடிந்திருக்கலாம். இன்னொன்று, டர்போவை மாற்றும்போதே உண்டாக்கப்படும் கோளாறு: குழாய் இணைப்பில் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போட வேண்டிய இடத்தில் சிலிக்கான் பேஸ்டைத் தாராளமாகத் தடவி முடுக்கினால், அது உள்பக்கம் பிதுங்கித் துவாரத்தில் பாதியை அடைத்துவிடும். புது டர்போ முதல் வாரத்திலேயே கசிந்தால் இதைத்தான் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் யாரும் எதிர்பாராதது. ஆயில் அதிகமாக ஊற்றப்பட்டிருப்பது. சம்ப்பில் ஆயில் மட்டம் ஏறி, திரும்பும் குழாயின் வாய் மூழ்கிவிட்டால் ஆயில் இறங்க இடமில்லை. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் நிற்கிறது என்றால் "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே" என்று விட்டுவிடக்கூடாது. மேல் கோடு வரை இறக்கிவிட்டுப் புகை குறைகிறதா என்று பார்ப்பது, இந்த வரிசையில் செலவே இல்லாத சோதனை.

மூன்றாவது, இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் அழுத்தம். எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் இதை "பேக் கம்ப்ரெஷன்" என்பார்கள். இந்த வாயுவை வெளியே எடுத்து மறுபடி காற்றுப் பாதைக்கு அனுப்பத்தான் பிரீதர் குழாயும் அதன் வால்வும் இருக்கின்றன. ரிங் தேய்ந்து வாயு அதிகமானாலோ, பிரீதர் அடைத்துக்கொண்டாலோ, சம்ப்புக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் டர்போவின் திரும்பும் குழாய் வழியாகவே மேலேறி, இறங்க வேண்டிய ஆயிலைத் தடுத்து நிறுத்தும். குறைந்த செலவில் தீரக்கூடிய ஒரு பிரீதர் வால்வுக் கோளாறு, விலை உயர்ந்த டர்போவின் மேல் பழியாக விழுவது இப்படித்தான்.

நான்காவது காரணம் வடிகாலில் இல்லை, காற்று வரும் வழியில் இருக்கிறது: ஏர் ஃபில்டர். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தினமும் ஓடும் வண்டியின் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கம்ப்ரெசர் போதிய காற்று கிடைக்காமல் இழுக்கும்போது அதன் வாய்ப்பக்கம் அழுத்தம் விழுந்து, நடு அறையிலிருக்கும் ஆயிலையும் சேர்த்து உறிஞ்சத் தொடங்கும். சில நூறு ரூபாய் பொருள். அதை மாற்றாமல் டர்போவைப் பற்றிப் பேசவே கூடாது.

நிறம் எவ்வளவு தூரம் உதவும்

நீலம் என்றால் ஆயில், கறுப்பு என்றால் அதிக எரிபொருள் அல்லது குறைந்த காற்று, வெள்ளை என்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். எல்லோரும் சொல்லும் இந்தப் பாடம் பொதுவாகச் சரி. டர்போ காரில் மட்டும் வெள்ளை ஏமாற்றும். டர்பைன் பக்கம் கசியும் ஆயில் சிலிண்டருக்குள் போய் எரிவதில்லை. சூடான குழாயிலும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலும் விழுந்து பாதி எரிந்தும் எரியாமலும் ஆவியாகிறது. வெளியே வரும்போது அது வெள்ளையும் சாம்பலும் கலந்த அடர்ந்த மேகமாக இருக்கும். பார்த்தவர் கூலன்ட் எரிகிறது என்று நினைத்து, இன்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் "ஹெட் கேஸ்கெட்" போய்விட்டது என்று முடிவுகட்டி ஹெட்டை இறக்கிவிட்டால், தேவையில்லாத பெரிய வேலை.

பிரித்தறிய வழி இருக்கிறது. வெறும் நீராவி சைலன்சரை விட்டு வந்த சில அடிகளில் காற்றில் கரைந்துவிடும். சென்னை வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது. மார்கழி விடியற்காலையில் முதல் சில நிமிடம் தெரிந்தால் கவலை வேண்டாம். ஆயில் புகை கரையாது, சாலையோடு படர்ந்து நிற்கும், கருகிய நெடி அடிக்கும். கூலன்ட் எரிந்தால் நெடி லேசாக இனிக்கும், கூலன்ட் டேங்கில் மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். மூக்கைச் சைலன்சருக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, ஒரு வெள்ளைத் துணியைக் குச்சியில் கட்டிச் சைலன்சர் வாய்க்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தால், ஆயில் இருந்தால் பிசுபிசுப்பான புள்ளிகள் விழும். தண்ணீர் காய்ந்துவிடும்.

டீசலில் வெள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு: எரியாத டீசல். காலைக் குளிர் ஸ்டார்ட்டில் கண் எரியும் நெடியோடு வெள்ளைப் புகை வந்து, இன்ஜின் சூடானதும் அடங்கினால், குளிர் ஸ்டார்ட்டுக்குச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கையோ, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் சரியாக மூடாததையோ சந்தேகிக்கலாம். கூலன்ட் குறைகிறது, ஆனால் ஹெட் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்றால் டீசல் வண்டியில் இ.ஜி.ஆர். கூலரைச் சோதிக்கச் சொல்லுங்கள். சைலன்சருக்குப் போகும் வாயுவில் ஒரு பகுதியைக் குளிர்வித்து இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் பாகம் அது. உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் நேராக வாயுவில் கலந்துவிடும். ஹெட்டில் கை வைப்பதற்கு முன் அதை முடித்துவிட வேண்டும்.

எப்போது வருகிறது?

நிறத்தைவிட எனக்கு நம்பிக்கையான சாட்சி நேரம். மெக்கானிக்கிடம் "புகை வருது" என்று மட்டும் சொல்லாமல், "அண்ணா, ராத்திரி நிறுத்தி வச்சுட்டு காலைல எடுத்தா ரெண்டு செகண்ட் நீலமா வருது, அப்புறம் இல்ல" என்று சொல்லிப் பாருங்கள். தேடல் பாதியாகக் குறைந்துவிடும். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்தில் அந்தப் புகை வராமலே போகலாம். தினமும் ஓட்டும் உங்களுக்குத்தான் அது தெரியும்.

காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். இரவெல்லாம் ஹெட்டில் தங்கிய ஆயில், இறுகிப்போன வால்வு சீலைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் ஆனதும் எரிகிறது. அதற்கு டர்போவை மாற்றினால் எதுவும் மாறாது.

பெட்ரோல் வண்டியில் இன்னொரு தடயம் உண்டு. கத்திப்பாரா மேம்பாலத்தின் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுதும் விட்டுவிட்டு கியரிலேயே இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது பின்னால் ஒரு நீல வீச்சு வருகிறதா? ஆக்சிலரேட்டரை விடும்போது இன்டேக் பக்கம் வெற்றிடம் உண்டாகி, வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு தேய்ந்த இடைவெளி வழியாக ஆயிலை இழுத்திருக்கிறது. டீசலில் இந்த வெற்றிடம் அவ்வளவு உண்டாகாது என்பதால் அங்கே இந்தச் சோதனை பேசாது.

நீண்ட நேரம் ஐடிலிங்கில் நின்று கிளம்பும்போது புகை மொத்தமாக வந்து, சற்று தூரம் ஓடியதும் குறைந்தால், டர்போவின் வடிகால் பக்கம் தேட வேண்டும். ஐடிலிங்கில் சக்கர அறைகளில் அழுத்தம் மிகக் குறைவு. ஆயிலை உள்ளே தள்ளி வைக்கும் காற்று பலவீனமாக இருக்கும்போதே வடிகாலும் சரியில்லை என்றால், ஆயில் சத்தமில்லாமல் டர்பைன் பக்கம் சேர்ந்துகொண்டிருக்கும். கிளம்பி மிதித்ததும் சூடு ஏறி அத்தனையும் புகையாகிவிடும். மத்திய கைலாஷ் அருகே மாலை நெரிசலில் நிற்பது எரிச்சல்தான். ஆனால் அந்த நெரிசல் இந்தச் சோதனையைத் தினமும் செய்து காட்டுகிறது. வால்வு சீல் கோளாறும் இதே நேரத்தில் புகை காட்டக்கூடும். காலை ஸ்டார்ட்டிலும் வருகிறதா என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டையும் ஓரளவு பிரிக்கலாம்.

மதுரவாயல் பைபாஸில் நான்கு பேரோடு வேகம் எடுக்கும்போது, அதாவது இன்ஜினுக்குச் சுமை ஏறும்போது மட்டும் நீலம் வந்தால், பிஸ்டன் ரிங் அல்லது கம்ப்ரெசர் பக்கக் கசிவு. அதே நேரத்தில் கறுப்பு வந்தால் கதை வேறு.

கறுப்பு

கறுப்புப் புகையில் டர்போ பலமுறை நிரபராதி. டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஹோஸ்களில் எங்காவது ஒரு கிழிசல், தளர்ந்த கிளாம்ப். அழுத்திய காற்று அந்த வழியாகப் போய்விடுகிறது. இன்ஜினுக்கு வர வேண்டிய காற்று வரவில்லை, எரிபொருள் மட்டும் வருகிறது. பிக்கப் குறையும், மிதித்தால் "உஸ்ஸ்" என்று சத்தம் கேட்கும், பின்னால் கறுப்பு. பைப்லைனுக்குள் புகையை ஊதிக் கசிவு எங்கே என்று பார்க்கும் கருவி நகரத்தில் பல ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீரும் குறைந்த அழுத்தக் காற்றும் போதும். இதோடு ஏர் ஃபில்டர், காற்றின் அளவைச் சொல்லும் சென்சார், திறந்தபடி சிக்கிக்கொண்ட இ.ஜி.ஆர். வால்வு, சொட்டும் இன்ஜெக்டர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படி நின்ற வண்டியை, அல்லது அப்படி நின்றிருக்கலாம் என்று சந்தேகம் உள்ள செகண்ட் ஹேண்ட் வண்டியை, புகையோடு கொண்டுவந்தால் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தண்ணீர் கலந்த ஆயில் டர்போ பேரிங்கைச் சில நிமிடங்களில் தின்றுவிடும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்மையாகப் படிந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால் அது குட்டிக் குட்டிப் பயணங்களில் சேர்ந்த ஈரமாக இருக்கலாம்.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) மாசு விதிப்படியான டீசல் கார்களில் சைலன்சர் வரிசையில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நன்றாக இருக்கும்வரை கறுப்புப் புகை வெளியே வராது. பிடித்த கரியை அவ்வப்போது சூடேற்றி எரித்துச் சுத்தம் செய்ய வண்டியே முயலும். அந்த நேரத்தில் ஒரு கருகல் நெடியும், சில வண்டிகளில் வெளிறிய புகையும் வரலாம். நெரிசலில் ஐந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் இந்தச் சுத்தம் பாதியிலேயே நின்றுபோகும். அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் ஆயிலில் இறங்கி, டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறும். ஆயில் மட்டம் ஏறினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். இங்கே ஆயில் நீர்த்தும் போகிறது. மாதத்தில் சில முறை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாதிரியான இடத்தில் அரை மணி நேரம் சீராக ஓட்டுவது இந்த வகை வண்டிக்குத் தேவையான பராமரிப்பு.

புகைச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது. டீசல் காருக்கு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளக்கிறார்கள். பி.எஸ்.4 டீசலுக்கு வரம்பு, புகை அடர்த்தியை அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் 50, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 65. பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். ராத்திரி நிறுத்தி காலையில் எடுக்கும்போது வரும் நீலப் புகை இந்த இரண்டிலும் சிக்காமல் போய்விடும்.

டர்போவுக்கு முன்னா, பின்னா?

ஆயில் புகை என்று உறுதியாகிவிட்டது. அது இன்ஜினிலிருந்து வருகிறதா, டர்போவிலிருந்து வருகிறதா? நல்ல மெக்கானிக் இதற்கு ஊகத்தை நம்ப மாட்டார், கழற்றிப் பார்ப்பார். இன்ஜினிலிருந்து டர்பைனுக்கு வரும் வழி காய்ந்திருந்து, டர்பைனிலிருந்து வெளியே போகும் வாய் ஆயிலில் நனைந்திருந்தால் கசிவு டர்போவில். இன்ஜின் பக்கத்து வழியே நனைந்திருந்தால் ஆயில் சிலிண்டரிலிருந்து வருகிறது, டர்போ அதைக் கடத்துகிறது அவ்வளவுதான்.

காற்றுப் பக்கமும் இதே முறை. கம்ப்ரெசருக்கு முன்னால் உள்ள குழாயிலேயே ஆயில் இருந்தால் அது பெரும்பாலும் பிரீதரிலிருந்து வந்தது. முன்னால் சுத்தமாக இருந்து பின்னால் மட்டும் தேங்கியிருந்தால் டர்போ மீது சந்தேகம் வலுக்கிறது. குழாயின் உள்ளே மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது எல்லா டர்போ வண்டியிலும் சகஜம். இன்டர்கூலரைச் சாய்த்தால் ஆயில் ஊற்றுகிற அளவுக்கு இருந்தால்தான் கோளாறு.

தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்து "ப்ளே இருக்கு, டர்போ அவுட்" என்று சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். தண்டு ஆயில் படலத்தில் மிதப்பதால், நின்றிருக்கும்போது பக்கவாட்டில் சற்று ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் நகர்வது கையில் உணரும்படி இருந்தாலோ, சக்கர இதழ்கள் சுற்றுச்சுவரில் உரசிய தழும்பு தெரிந்தாலோ, அந்த டர்போ போனதுதான்.

இன்ஜின் பக்கம் சந்தேகம் வந்தால் எளிய முதல் பார்வை, ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் தளர்த்திப் பார்ப்பது. குபுகுபுவென்று வாயு வீசினால் பேக் கம்ப்ரெஷன் அதிகம். ஆனால் மூடியைத் திறந்ததும் இன்ஜின் லேசாகத் தடுமாறுவது பல வண்டிகளில் இயல்பு. அடுத்தது கம்ப்ரெஷன் சோதனை. அதில் வரும் எண்ணைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். பெட்ரோல் இன்ஜினில், குறைவாகக் காட்டும் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் எண் ஏறுகிறதா? ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. இதைவிடத் தெளிவானது லீக் டவுன் சோதனை. சிலிண்டருக்குள் காற்றை அடைத்து, அது எந்த வழியாகத் தப்பிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பார்கள். ஆயில் மூடியில் சத்தம் என்றால் ரிங், சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இந்த முடிவைப் பார்க்காமல், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோருக்கோ டர்போவுக்கோ பணம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

டர்போ உண்மையிலேயே போயிருந்தால், அது ஏன் போனது என்ற விடை கையில் இல்லாமல் புதியதை மாட்ட விடாதீர்கள். பல டர்போக்கள் ஆயில் பட்டினியால் சாகின்றன. நெரிசலில் ஓடும் வண்டிக்கு ஆயில் மாற்றும் இடைவெளி நீண்டுபோக, ஆயில் கெட்டியாகி, வரும் குழாயிலும் அதன் போல்ட்டில் இருக்கும் குட்டி வடிகட்டியிலும் படிந்துவிடும். அதனால் டர்போவோடு ஆயில் வரும் குழாயும், ஆயிலும், ஆயில் ஃபில்டரும், ஏர் ஃபில்டரும் மாற வேண்டும். திரும்பும் குழாய் சுத்தமாக வேண்டும், அல்லது புதிதாக வேண்டும். மாட்டும்போது பேரிங்கில் புது ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் பண்ணாமல் சில நிமிடம் ஐடிலிங்கில் விட வேண்டும். முதல் சில நொடிகள் காய்ந்து சுழன்றாலே புது பேரிங் காயப்பட்டுவிடும்.

புதுப்பேட்டையில் கிடைக்கும் கழற்றிய டர்போ விலையில் கவரும். தண்டின் சமநிலையைக் கருவியில் சோதித்த ரசீது இல்லாவிட்டால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வேகத்தில் சிறு சமமின்மைகூடப் பேரிங்கைக் கெடுத்துவிடும். நடுப்பகுதியான கோரை மட்டும் மாற்றும் கடைகளிலும் இதையே கேளுங்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் இன்டர்கூலரை இறக்கி, உள்ளே தேங்கிய ஆயிலை முழுதும் வடித்துக் கழுவியே தீர வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது. தேங்கிய ஆயில் காற்றோடு மொத்தமாக இன்ஜினுக்குள் போனால், டீசல் இன்ஜின் அதையே எரிபொருளாகக் கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது அப்படி ஆனால், பிரேக்கை முழுதாக அழுத்தி, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை அணைக்கப் பார்க்கலாம். பேனட் திறந்திருக்க, வெளியே நிற்பவர்கள் காற்றுக் குழாயைக் கையால் பொத்த ஓடக் கூடாது, விலகிவிட வேண்டும்.

சரியாக வேலை முடிந்த பிறகும் சைலன்சர் கொஞ்ச நாள் புகைக்கும். பழைய கசிவில் ஊறிய ஆயில் மஃப்ளரிலும் குழாயிலும் தங்கியிருக்கும்; அது எரிந்து தீர நல்ல சூட்டோடு நீண்ட ஓட்டம் தேவை. செங்கல்பட்டு வரை ஒரு முறை போய் வந்தால் கணிசமாகக் குறையும். இந்தக் கட்டத்தில் பயந்து மறுபடி டர்போவைக் கழற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் டிப்ஸ்டிக்கைக் கேளுங்கள். வேலை முடிந்த அன்று, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு மட்டத்தைக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு 250 கிலோமீட்டருக்கும் அதே இடத்தில், அதே நிலையில் பாருங்கள். சில தயாரிப்பாளர்களின் கையேடு 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரைகூட ஏற்றுக்கொள்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். மட்டம் அப்படியே நின்று புகை மட்டும் குறைந்துகொண்டே வந்தால் பழைய ஆயில் எரிந்து தீர்கிறது, விட்டுவிடலாம். மட்டம் இறங்குகிறது, புகையும் குறையவில்லை என்றால், வண்டியை மறுபடி விடும்போது முதலில் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டியவை திரும்பும் குழாயும் பிரீதரும்.